மைனஸ் மூன்றே முக்கால்

படிவம் ஒன்றில் ஒன்றரை.
படிவம் இரண்டில் இரண்டரை.
இந்த மார்ச்சில், சூலியா ஸ்திரீட் கண்ணாடிக் கடையில்,
மைனஸ் மூன்றே முக்கால்.
அம்மா விலையைத்தான் கேட்டாள்,
எண்ணைக் கேட்கவில்லை.
கடைக்காரர் சட்டங்களைத் துடைத்தபடி,
ரொட்டிக்குக் குழம்பா சம்பலா என்பதுபோல, என்னிடம்:
"வெளியே போறதுண்டா, பகல்ல?"

பஸ்ஸில் கணக்குப் போட்டேன்.
வேன் கதவிலிருந்து வகுப்புக் கதவுக்கு
நாற்பது எட்டு.
திரும்பி வர அதே நாற்பது.
டியூஷனுக்கு மின்தூக்கி.
என் கண் குடியிருப்பது
மூக்கிலிருந்து ஒரு முழத்தில்;
அதற்கு அப்பால் உலகம் இருப்பது
கேள்விப்பட்ட செய்தி.

அம்மா மதிய ஷிஃப்டில் இருந்த திங்கட்கிழமை
கிஷேந்திரன் சைக்கிளின் பின்னால் நின்றுகொண்டு
பாடாங் கோத்தாவுக்குப் போனேன்.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்,
முதல் நாள் பிடிக்கவில்லை.
கடற்சுவர் துணியைத் தாண்டிச் சுட்டது.
கொசு. மீன் வாடை.
மணி ஐந்து நாற்பது என்றது கைப்பேசி.
ஒரு யுகம் கழித்துப் பார்த்தேன்:
ஐந்து நாற்பத்து மூன்று.

இரண்டாம் நாள் கண்ணுக்கு வேலை கொடுத்தேன்.
கடைச்சுவரின் எழுத்துப் பலகைபோலக்
கடலைத் தொங்கவிட்டேன்.
முதல் வரி, பெரிய எழுத்து: பாறையிடுக்கில் நண்டு.
அடுத்தது: தூண்டில்காரரின் ஆரஞ்சு மிதவை.
மூன்றாவது: மணல் வாரும் கப்பல்.
நான்காவது: நங்கூரமிட்ட எண்ணெய்க் கப்பலின் பெயர்,
அதில் ஒரு எழுத்து துருப்பிடித்திருந்தது.
ஐந்தாம் வரியில் ஒன்றுமே இல்லை,
யாரோ அழித்துவிட்ட மாதிரி.

கீழ்மாடி ஹிதாயா
ஒருநாள் மட்டும் வருகிறேன் என்றாள்.
அந்த ஒருநாள் ஜூலைவரை நீண்டது.
செம்பருந்தை யார் முதலில் காண்பது என்று
ஐஸ் கச்சாங் பந்தயம்;
எனக்கு ஆறு கிண்ணம் கடன்.
கடலைப் பார்த்துக்கொண்டு பேசினால்
முகம் பார்க்க வேண்டியதில்லை.
கணிதத்தில் வாங்கிய பதினேழை அவள் சொன்னாள்,
ஜோகூரிலிருந்து அப்பா போன் எடுக்காததை நான்.
மக்ரிப்புக்கு முன் அவள் கிளம்பிவிடுவாள்.
நாங்கள் இருட்டும்வரை.
வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள்
தூக்கம் வந்து நின்றது,
யாரும் கூப்பிடாமலே.

ஒரு வியாழன், மழை விட்ட கையோடு,
ஐந்தாம் வரி தெரிந்தது.
வடக்கே, தண்ணீருக்கு அப்பால்,
நீலத்திலிருந்து பிரிந்து ஒரு நீலம்.
"ஜெராய் மலை" என்றாள் ஹிதாயா,
"எங்க மாக் சு வீட்டுப் பின்பக்கம்."
வரலாற்றுப் புத்தகத்தில்
இரண்டு புள்ளிக் கேள்வியாய்க் கிடந்த கடாரம்
தோளில் மேகத்தைப் போட்டுக்கொண்டு
எழுந்து நின்றது.
கிஷேந்திரன் படம் எடுத்தான்.
திரையில் சாம்பல்.
இரண்டு விரலால் பெரிதாக்கினான்,
பெரிய சாம்பல்.
"ஒண்ணுமே இல்லையேக்கா."
தாடையைப் பிடித்து அவனைத் திருப்பினேன்.
வாய் திறந்தது, மூட மறந்தது.
மூன்று நிமிடம் இருந்திருக்கும்.
பிறகு மழை அதை உள்ளே எடுத்துக்கொண்டது.

நவம்பரில் அதே நாற்காலி,
அதே எழுத்துப் பலகை.
மைனஸ் மூன்றே முக்கால்.
குறையவில்லை. கூடவும் இல்லை.
கடைக்காரர் எண்ணை இருமுறை பார்த்துவிட்டுச்
சட்டத்தின் திருகை மட்டும் இறுக்கித் தந்தார், இலவசமாக.
திறந்த பர்ஸை அம்மாவுக்கு
உடனே மூட மனம் வரவில்லை.
"வேற ஏதாவது வேணுமா?"

வேணும்மா.
சைக்கிளுக்கு ஒரு முன்விளக்கு.
ஏழரைக்குத் திரும்பி வரும்போது
எங்களுக்கு லோரிகள் தெரிகின்றன,
லோரிகளுக்குத்தான் எங்களைத் தெரியவில்லை.